கோட்டைச் செய்தியாளர் ஒருவரைப் பாராட்ட முனைவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இயங்கும் தமிழ்நாட்டின் தலைமைச் செயலகத்தையும் சட்டமன்றத்தையும் பல்லாண்டுகள் தொடர்ந்து எழுதி ஓய்வு பெற்ற மூத்த செய்தியாளர்கள் மூவருக்கு நண்பர்கள் எடுத்த பாராட்டு விழாக்களிலும், அவற்றையொட்டி வெளிவந்த மலர்களின் தொகுப்புப் பணியிலும் நான் பங்கு கொண்டிருக்கிறேன். மூன்று முறையும் குழுவில் இருந்தவர்கள் வேறு வேறு. கேள்விகள் மட்டும் மாறவில்லை. அந்தப் பணிகளைக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்களும் அவற்றையே கேட்கிறார்கள். ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதியிருக்கிறேன். எளிய ஐயங்கள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

நாற்பது வருடமும் கோட்டை நிருபராகவே இருந்தார் என்கிறார்கள். முதலமைச்சரும் அமைச்சரும் சொன்னதை எழுதி அனுப்புவதுதானே அந்த வேலை? அதில் பாராட்ட என்ன இருக்கிறது?

சொன்னதை எழுதுவது அந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. சொன்னது நடந்ததா என்று பார்ப்பதில்தான் மீதி ஆயுள் கழிகிறது. ஒரு திட்டம் ஆளுநர் உரையில் ஒரு வரியாகத் தோன்றும். நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒரு தொகை வரும். துறைக்கான நிதியைப் பேரவையிடம் கோரும் மானியக் கோரிக்கையின்போது துறை வழங்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் ஒரு பத்தியாக விரியும். பிறகு அரசாணை வெளிவரும், அல்லது வராமலே போகும். சில ஆண்டுகள் கழித்து, அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி பேரவையில் வைக்கப்படும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) அறிக்கையில், ஒதுக்கிய பணம் செலவாகவில்லை என்ற குறிப்பு யாரும் புரட்டாத ஒரு பக்கத்தில் கிடக்கும். இந்த ஐந்தையும் கோத்துப் பார்க்கும் நினைவு உள்ளவரே நல்ல கோட்டைச் செய்தியாளர். பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ படிக்கும் அறிக்கையின் மீது அவையில் விவாதம் கிடையாது என்பதால், அவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றுள் எத்தனை அரசாணையாயின என்று பின்னர் எண்ணிப் பார்க்கும் பொறுப்பு பெருமளவுக்கு அவர்மீதே விழுகிறது.

ஆட்சி மாறும்போது அமைச்சர்கள் மாறுகிறார்கள். ஆட்சி மாறாதபோதும் துறைச் செயலாளர்கள் மாற்றப்படுகிறார்கள். ஒரு துறையைப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் கவனித்த செய்தியாளருக்கு அத்துறையின் கதை தெரிந்த அளவுக்கு அங்கே புதிதாக வந்து அமர்ந்தவருக்குத் தெரிந்திருக்காது. 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது பேரவையே இல்லாமல் போயிற்று. கேள்வி நேரம் இல்லை, எதிர்க்கட்சியின் வெளிநடப்பு இல்லை. அந்த மாதங்களில் அரசு என்ன செய்கிறது என்பதை மக்கள் அறிவதற்கு, தலைமைச் செயலகத் துறைகள் இயங்கும் நாமக்கல் கவிஞர் மாளிகையின் பத்து மாடிகளிலும் ஏறி இறங்கிய செய்தியாளர்களே பெரிய வழியாக இருந்தார்கள். பாராட்டப்பட வேண்டியது இந்த உழைப்பே என்பதை மனத்தில் கொண்டால், பின்வரும் கேள்விகள் பலவற்றுக்கு விடை எளிதாகிவிடும்.

விழா எடுப்பதா, மலர் வெளியிடுவதா? இரண்டுக்கும் எங்களிடம் பணம் இல்லை.

மலர். விழாவை ஒரு பள்ளிக்கூட அறையில் நாற்பது நாற்காலிகள் போட்டு நடத்தலாம். அவர் எழுதியவற்றைத் தேடி எடுத்துத் தொகுக்கும் வேலையை அவர் நம்மோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும். எந்தச் செய்தியை எந்தச் சூழலில் எழுதினார் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

மலரில் என்ன போடுவது? வாழ்த்துக் கட்டுரைகள் மட்டுமே முப்பதுக்கு மேல் வந்துவிட்டன.

நான் வேலை செய்த முதல் மலர் அப்படித்தான் வந்தது. இருநூறு பக்கங்களில் அவரைப் பற்றி நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். அவர் எழுதிய ஒரு செய்திகூட அதில் இல்லை. எளிமையானவர், நேர்மையானவர், இளையவர்களுக்கு வழிகாட்டி என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவை உண்மையே. ஆனால் அந்தப் பக்கங்களில் அவருடைய பெயரை எடுத்துவிட்டு ஒரு தலைமை ஆசிரியரின் பெயரை இட்டாலும் எதுவும் மாறியிருக்காது. மலர் அச்சாகி வந்த அன்று அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பஸ் கட்டணச் செய்தியைப் போட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது நான் சொல்லும் முறை இது. இருபத்தைந்து முதல் முப்பது வரையிலான செய்திகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் முழுமையாக வெளியிட்டு, அதன் கீழே அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதுங்கள்: அப்போது நிலைமை என்ன, செய்தி எந்த ஆவணத்திலிருந்தோ எந்த உரையாடலிலிருந்தோ தொடங்கியது, வெளிவந்த பின் என்ன நடந்தது. பெரிய தலைப்புச் செய்திகளை மட்டும் எடுக்க வேண்டாம். பாசன ஏரிகளின் பராமரிப்புக்கு ஒதுக்கிய நிதி வேறு கணக்குக்குப் போனது, சத்துணவு ஊழியர்களின் ஊதிய உயர்வுக் கோப்பு நிதித் துறையில் தேங்கியது போன்ற, நாளிதழின் உட்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வந்த செய்திகளில்தான் அவருடைய கைத்திறன் தெரியும். வாழ்த்துக் கட்டுரைகளில் ஐந்தை வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு நாளை, குறிப்பிட்ட ஒரு நிகழ்வைச் சொல்லும் கட்டுரைகளாக அவை இருக்கட்டும். முதலமைச்சர்களோடு அவர் நிற்கும் புகைப்படங்களைக் குடும்பத்தார் மிகவும் விரும்புவார்கள், ஒன்றிரண்டு போதும்.

அவர் பெயரோடு வந்த செய்தியே பத்துகூடத் தேறவில்லை. எல்லாம் "நமது நிருபர்" என்றுதான் இருக்கிறது. அவருடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ் நாளிதழ்களில் செய்தியாளரின் பெயரைப் போடும் வழக்கம் நீண்ட காலம் அரிதாகவே இருந்தது. அதனால் பெயரை வைத்துத் தேடக் கூடாது. நாளை வைத்துத் தேட வேண்டும். அவருடைய குறிப்பேடுகள், நாட்குறிப்புகள், வீட்டில் ஒட்டிவைத்த கட்டிங்குகள், அலுவலகப் பாராட்டுக் கடிதங்கள் ஆகியவற்றிலிருந்து முதலில் ஒரு தேதிப் பட்டியல் தயாரியுங்கள். பிறகு அந்தத் தேதிகளின் இதழ்களை எடுத்து அவர் முன் வையுங்கள். தாம் எழுதிய முதல் வரியை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அடையாளம் கண்டுகொள்ளும் செய்தியாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரே செய்தியில் இருவர் உழைத்திருப்பார்கள். மாவட்டத்திலிருந்து வந்த தகவலைக் கோட்டைச் செய்தியாளர் முழுமைப்படுத்தியிருப்பார், அல்லது அவர் கொடுத்ததைத் துணை ஆசிரியர் முற்றிலும் திருத்தி எழுதியிருப்பார். அக்காலத்தில் உடன் பணியாற்றிய ஒருவரிடமாவது கேட்டு உறுதி செய்யுங்கள். உறுதியாகாததை "இவர் பங்கு பெற்ற செய்தி" என்று குறிப்பிடுவதே முறை. பாராட்டும் வேகத்தில் இன்னொருவரின் உழைப்பை இவருக்கு எழுதிவிட்டால், அதனால் முதலில் வருந்துபவர் இவராகவே இருப்பார்.

பழைய இதழ்களும் சட்டமன்ற நடவடிக்கைகளும் எங்கே கிடைக்கும்? நாளிதழ் அலுவலகத்தில் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகத்திலிருந்து தொடங்குங்கள். 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களையும், பின்னர் செய்த திருத்தத்தின்படி நாளிதழ்களையும் பெறும் நூலகங்களில் அது ஒன்று. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தமிழ் அச்சுப் பொருட்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. அரசாணைகளுக்கும் பழைய அரசுக் கோப்புகளுக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உதவும். சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சிட்ட தொகுதிகளாகவே வெளிவந்துள்ளன. நாளும் கூட்டத்தொடரும் தெரிந்தால் ஒரு விவாதத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை.

1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் பணியாற்றியவர் என்றால், அந்த மாதங்களின் இதழ்களில் அவர் எழுதியது குறைவாகத் தெரியக்கூடும். தணிக்கைக்கு உட்பட்ட காலம் அது. வெளிவராத செய்தியின் கையெழுத்துப் படி வீட்டுப் பெட்டியில் இருந்தால், மலரின் மிக முக்கியமான பக்கம் அதுவாகவே இருக்கும்.

"செய்தி எதிரொலி" என்று பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் அவருடைய சாதனையாக எழுதலாம் அல்லவா?

எழுதலாம், ஆனால் சரிபார்த்த பிறகு. செய்தி திங்கட்கிழமை வந்தது, அரசாணை வெள்ளிக்கிழமை வந்தது என்பதால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. அரசாணையின் மேற்பகுதியில் "படிக்கப்பட்டது" என்ற தலைப்பின் கீழ், அந்த ஆணைக்கு அடிப்படையான கடிதங்களும் முந்தைய ஆணைகளும் தேதிகளோடு இருக்கும். அக்கடிதங்கள் செய்திக்கு ஆறு மாதம் முன்பே எழுதப்பட்டவை என்றால், துறை ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தது என்று பொருள். செய்தி அதை விரைவுபடுத்தியிருக்கலாம், தொடங்கி வைக்கவில்லை. கடிதங்கள் செய்திக்கு மறுநாளிலிருந்து தொடங்கினால் உங்களிடம் வலுவான சான்று இருக்கிறது. பேரவையில் உறுப்பினர் ஒருவர் அந்தச் செய்தியைச் சுட்டிக் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டு வந்திருந்தால், அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கும். அது இன்னும் வலுவான சான்று.

அரசாணை கையில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்து, முப்பது நாட்களில் பதில் பெற வேண்டிய சட்டம் அது. அதன் 8(3) பிரிவு பலருக்குத் தெரியாது: இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணங்கள் தொடர்பான விலக்குகளைத் தவிர மற்ற விலக்குகளைக் காட்டி மறுக்க முடியாது. மலருக்காகப் பழைய ஆவணம் தேடுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு இல்லை. நாம் பாராட்டும் தலைமுறையினர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இச்சட்டம் இல்லாமலே கழித்தவர்கள் என்பதையும் மலரில் சொல்லுங்கள். தமிழ்நாடு 1997இலேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது என்றாலும், மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபரில்தான். அதற்கு முன் ஓர் அரசாணையின் நகலைப் பெறுவதே ஒரு நாள் வேலை.

பழைய செய்திகளை மலரில் அப்படியே போட நாளிதழிடம் அனுமதி வாங்க வேண்டுமா? எழுதியவரே சம்மதித்தால் போதாதா?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு, இதற்கு நேரடியாக விடை சொல்கிறது. நாளிதழில் பணியாளராக இருந்து எழுதியவற்றை நாளிதழ்களிலும் இதழ்களிலும் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு உரியது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மற்ற வகைகளில் முதல் உரிமையாளர் எழுதியவரே. அதாவது, நூலாகத் தொகுக்கும் உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். ஆனால் பணி நியமனத்தின்போது கையொப்பமிட்ட தாளில் எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கே என்று எழுதியிருக்கலாம். அந்தத் தாளைத் தேடிப் பாருங்கள்.

சட்டம் எப்படி இருந்தாலும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதே பண்பு. நான் அறிந்தவரை, மரியாதையாகக் கேட்டால் மறுப்பதில்லை. பழைய பக்கங்களின் படங்களைக் கொடுத்து உதவுவதும் உண்டு. புகைப்படங்களுக்கும் இதே கவனம் தேவை: எடுத்தவர் பெயரைக் கண்டுபிடித்து அவரிடமும் கேளுங்கள், படத்தின் கீழ் அவர் பெயரை இடுங்கள். கோட்டையில் செய்தியாளரோடு அதே வெயிலில் நின்ற புகைப்படக் கலைஞர்களை இத்தகைய மலர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

அவர் சொல்லும் நினைவுகள் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை. பெரியவரிடம் போய்த் தவறு என்று எப்படிச் சொல்வது?

தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தை எடுத்து அவர் முன் வைத்துவிட்டு, "ஐயா, இதில் இப்படி இருக்கிறதே, சற்றுப் பாருங்கள்" என்று கேட்டால் போதும். வாழ்நாள் முழுவதும் பிறருடைய கூற்றைச் சரிபார்த்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் இடமும் ஆண்டும்தான் குழம்பும். சில நிலையான புள்ளிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது 1969 ஜனவரி 14. சட்ட மேலவை கலைக்கப்பட்டது 1986 நவம்பர் 1. அதற்குப் பிந்தைய மேலவைச் செய்தி என்று எதுவும் இருக்க முடியாது. 2010 மார்ச்சில் புதிய தலைமைச் செயலகமாகத் திறக்கப்பட்ட ஓமந்தூரார் வளாகத்தில் பேரவை கூடியது. 2011 மே மாதத்தில் கோட்டைக்கே திரும்பியது. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றுக் காரணமாகக் கலைவாணர் அரங்கில் கூடியது. ஒரு நினைவு இவற்றோடு மோதினால், எங்கே பிழை என்பது உடனே தெரிந்துவிடும்.

நிகழ்வுகளே சர்ச்சைக்குரியவையாக இருக்கும்போதுதான் வேலை கடினமாகிறது. 1988 ஜனவரி 28 அன்று முதலமைச்சர் ஜானகி இராமச்சந்திரன் நம்பிக்கை வாக்குக் கோரியபோது அவைக்குள் வன்முறை நடந்து காவல்துறை உள்ளே வந்தது. 1989 மார்ச் 25 அன்று நிதிநிலை அறிக்கையின்போது நடந்த மோதலைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான விவரிப்புகள் இன்றும் உள்ளன. பத்திரிகையாளர் மாடத்திலிருந்து பார்த்த ஒருவரின் சாட்சியம் அரிய பொருள். ஆனால் அது ஒரு கோணத்திலிருந்து பார்த்த சாட்சியம். தாம் கண்ணால் கண்டது எது, அன்று மாலை பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லுமாறு கேட்டு, இரண்டையும் அவ்வாறே பிரித்துப் பதிவு செய்யுங்கள். குரல் பதிவை அழித்துவிடாதீர்கள். மலரில் வராத பகுதிகள் நாளை ஓர் ஆய்வாளருக்கு உதவும்.

சட்டமன்றச் செய்திகளை இத்தனை வருடம் கழித்து மறுபடி அச்சிட்டால் உரிமை மீறல் பிரச்சினை வருமா? பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், கவனமாக இருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 194ஆவது பிரிவு சட்டமன்றத்துக்குச் சிறப்புரிமைகளை அளிக்கிறது. 44ஆவது திருத்தத்தின் மூலம் வந்த 361ஏ பிரிவு, அவை நடவடிக்கைகளைப் பற்றிப் பெருமளவுக்கு உண்மையாகவும் தீய நோக்கமின்றியும் நாளிதழில் வெளியாகும் செய்திக்குப் பாதுகாப்புத் தருகிறது. இதில் ஒரு நுட்பம் உள்ளது: அந்தப் பிரிவு நாளிதழில் வெளியாகும் செய்தியைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் மலர் நாளிதழ் ஆகாது. மேலும், அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சை வெளியிடுவது உரிமை மீறலாகலாம் என்பது பாட்னாவின் சர்ச்லைட் நாளிதழ் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலிருந்தே நிலைத்த கருத்து. எனவே, அவையில் நடந்த வாக்குவாதச் செய்தி எதையும் மறுபதிப்புச் செய்யும் முன், மேலே சொன்ன அச்சிட்ட நடவடிக்கைத் தொகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகுதியில் இல்லாத வாசகம் செய்தியில் இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதை இளைய வாசகர்களுக்கு மலரே விளக்கினால் நல்லது. 1987இல் அட்டைப்படத்தில் வந்த ஒரு நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது; எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்; பின்னர் அவர் தொடுத்த வழக்கில் ஆயிரம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. 2003 நவம்பர் 7 அன்று தி இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறைத் தண்டனையைப் பேரவை விதித்தது. உச்ச நீதிமன்றம் சில நாட்களுக்குள் அதை நிறுத்தி வைத்தது. நாம் பாராட்டும் செய்தியாளர்கள் இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு மறுநாள் காலை அதே மாடத்தில் போய் அமர்ந்தவர்கள்.

அவருக்குத் தகவல் கொடுத்த அதிகாரிகள் யாரென்று இப்போதாவது சொல்லலாமா? பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். மலரின் சுவையான பகுதியே அதுதான்.

கூடாது என்பதே என் விடை. தகவல் தந்தவர் உயிரோடு இருந்து, எழுத்தில் இசைவு கொடுத்தால் மட்டும் சொல்லலாம். காலமானவரின் குடும்பத்தார் இசைவு தந்தாலும் போதாது. வாக்குறுதி குடும்பத்துக்குத் தரப்பட்டது அன்று. ஆதாரத்தை வெளியிடுமாறு எந்தச் செய்தியாளரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1978ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம், 15ஆவது பிரிவில் சொல்கிறது. ஆனால் அது அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும் பொருந்தும். நீதிமன்றங்களில் செய்தியாளருக்கு அத்தகைய பொதுவான சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அவராக வாய் திறக்காத ஒன்றைப் பாராட்டு மலர் திறந்துவிடக் கூடாது.

பெயரை விட்டுவிட்டு அடையாளத்தைச் சொல்வதும் இதே தவறு. "அப்போது நிதித் துறையில் துணைச் செயலாளராக இருந்த, கவிதை எழுதும் பழக்கமுள்ள ஒருவர்" என்று எழுதினால், கோட்டையில் வேலை பார்த்த யாரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். குறிப்பேடுகளை நூலகத்துக்குக் கொடுக்கும்போதும், இத்தகைய பக்கங்களை அவரே பிரித்தெடுத்து, எத்தனை ஆண்டுகளுக்கு மூடி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது; ஆவணம் பழையதாகிவிட்டது என்பதாலேயே அது விலகிக்கொள்ளாது.

விழாவுக்கு அமைச்சரைத் தலைமை தாங்க அழைக்கலாம் என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மண்டபம், விளம்பரம் எல்லாம் எளிதாகிவிடுமாம்.

எளிதாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசைக் கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவரின் பணிக்கு அரசில் இருப்பவர் மேடையில் சான்றிதழ் வழங்குவது பொருந்தாது. அது அமைச்சரின் விழாவாக மாறிவிடுவதையும் நேரில் பார்த்திருக்கிறேன்: ஒரு விழாவில் அமைச்சர் ஐம்பது நிமிடம் துறைச் சாதனைகளைப் பேசினார், பாராட்டு பெற்றவரின் ஏற்புரைக்கு ஏழு நிமிடம் மிஞ்சியது. எதிர்க்கட்சித் தலைவரை அழைப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது, நேற்று அவரும் ஆட்சியில் இருந்தவரே.

தலைமைக்கு அவருடைய செய்தியால் பயனடைந்த ஒருவரை அழைத்துப் பாருங்கள்: நிலுவை ஓய்வூதியம் கிடைத்த ஆசிரியர், மூடவிருந்த பள்ளி திறந்தே இருந்த கிராமத்தின் பெரியவர். அமைச்சர் தாமாக வர விரும்பினால் வரவேற்று முன்வரிசையில் அமர்த்துங்கள். பேச விரும்பினால், அவருடைய துறையை விமர்சித்து இவர் எழுதிய செய்தி ஒன்று அதே மேடையில் வாசிக்கப்படும் என்று முன்பே தெரிவித்துவிட்டு நேரம் ஒதுக்குங்கள். ஒரு முறை இப்படிச் சொல்லி அழைத்தோம்; அவர் வந்து, அந்தச் செய்தியைப் பற்றியே கண்ணியமாகப் பேசிவிட்டுப் போனார்.

பணமுடிப்பு கொடுக்கலாமா? யாரிடம் வாங்குவது?

கொடுக்கலாம். அவருடைய வாசகர்கள், உடன் பணியாற்றியவர்கள், மாணவர்கள் ஆகியோரிடம் சிறு தொகைகளாகத் திரட்டுங்கள். அரசு ஒப்பந்தக்காரர்கள், அரசின் அனுமதியை நம்பித் தொழில் நடத்துபவர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள் ஆகியோரிடம் வாங்க வேண்டாம். கொடுத்தவர்கள் பட்டியலை மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட முடியாத நன்கொடை எதுவாக இருந்தாலும் அது வேண்டாத நன்கொடையே. அவருக்கு மருத்துவச் செலவு போன்ற உண்மையான நெருக்கடி இருந்தால், அதை மேடையில் ஏற்றாமல் தனியே, அமைதியாகச் செய்யுங்கள்.

அரசு விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைப்பது, அமைச்சரை அழைப்பது பற்றிய விடைக்கு முரணாகாதா?

இது நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்த கலைஞர் எழுதுகோல் விருது, ஐந்து லட்சம் ரூபாயும் பாராட்டுச் சான்றிதழும் கொண்டது. முதல் விருது மூத்த பத்திரிகையாளர் ஐ. சண்முகநாதனுக்கு வழங்கப்பட்டது. ஓய்வு பெற்ற ஒருவர், இனிக் கோட்டைச் செய்தி எழுதப்போவதில்லை என்ற நிலையில், வெளிப்படையான முறையில் தேர்ந்தெடுக்கப்படும் விருதைப் பெறுவதில் எனக்கு மறுப்பில்லை. பொது நிதியிலிருந்து மக்கள் சார்பில் தரப்படும் மரியாதை அது. இன்னும் கோட்டையில் செய்தி திரட்டிக்கொண்டிருப்பவரின் நிலை வேறு. அவருக்காக நண்பர்கள் பரிந்துரை எழுதும் முன் அவரையே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருடையது.

அவர் எழுதியதில் சில பின்னால் பொய்யாகிப் போயின. அவற்றை விட்டுவிடுவதுதானே நாகரிகம்?

ஒன்றையாவது சேருங்கள், அவருடைய இசைவோடு. நான் தொகுத்த மூன்றாவது மலரில், அமைச்சரவை மாற்றம் பற்றி அவர் உறுதியாக எழுதி நடக்காமல் போன ஒரு செய்தியையும், மறுநாள் வெளிவந்த திருத்தத்தையும் அடுத்தடுத்து வைத்தோம். ஒரே ஒருவர் சொன்னதை நம்பி எழுதியதையும், அன்றிலிருந்து இரண்டாவது ஆதாரம் இல்லாமல் எதையும் அனுப்பாததையும் அவரே குறிப்பில் எழுதிக் கொடுத்தார். இதழியல் மாணவர்கள் அந்த மலரில் அதிகம் கேட்டு வாங்கிய பக்கம் அதுதான். பெயர் சொல்லி யாருக்காவது தீங்கு செய்துவிட்ட செய்தி என்றால் மட்டும், அதை மறுபடி அச்சிட்டு அந்த மனிதரை இன்னொரு முறை துன்புறுத்த வேண்டாம்.

எல்லா ஏற்பாடும் முடிந்த நேரத்தில் "எனக்கு விழாவே வேண்டாம்" என்கிறார். என்ன செய்வது?

காரணத்தைக் கேளுங்கள். சிலருக்குப் பொன்னாடையும் புகழ்ச்சியும் கூச்சம் தரும். அவர்களுக்காக, மேடையில்லாமல் பத்து இளம் செய்தியாளர்களோடு அரை நாள் உரையாடலாக அதை மாற்றிவிடலாம். ஒரு நிதிநிலை அறிக்கையைக் கையில் கொடுத்து, எங்கிருந்து படிக்கத் தொடங்குவீர்கள் என்று கேட்டால் அவர் பேசத் தொடங்கிவிடுவார். நாங்கள் அப்படிச் செய்த அன்று, வர மறுத்தவர் மாலை ஆறு மணி வரை எழுந்திருக்கவில்லை.

சிலர் தம்மோடு உழைத்த மற்றவர்களுக்குக் கிடைக்காததைத் தாம் மட்டும் ஏற்க மறுப்பார்கள். அப்படியானால் அந்த மற்றவர்களின் பெயர்களை அவரிடமே எழுதி வாங்கி, அவர்களுடைய செய்திகளையும் மலரில் சேருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் உண்மையிலேயே வேண்டாம் என்றால் விழாவை விட்டுவிடுங்கள். தொகுப்பு வேலையை மட்டும் தொடர அனுமதி கேளுங்கள். அதற்கு மறுத்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.